300 படம், மனசில் ஒன்றுமில்லை

கேள்வி: சித்ரா பௌர்ணமிக்கு குமுளியிலிருந்து ஜீப்பில் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போனோம். போனில் 300 படம் இருக்கிறது, மனசில் ஒன்றும் நிற்கவில்லை. இனி படமே எடுக்கக் கூடாதா?
- வாசகி, கம்பம்

பதில்: எடுங்கள் தாயி, ஆனால் குறைத்து எடுங்கள். வருஷத்தில் ஒரே நாள் திறக்கிற கோயில், அதைப் போன் திரைக்குள்ளேயே பார்த்துவிட்டு இறங்கினால் வருத்தம் வரத்தானே செய்யும்! அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் பேராசிரியர் அருங்காட்சியகம் ஒன்றில் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முழுசாகப் படமெடுத்த பொருட்களைவிட வெறுமனே பார்த்த பொருட்களே நன்றாக நினைவில் நின்றன. கேமரா வைத்துக்கொள்ளும் என்று மூளை விட்டுவிடுகிறது போல. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது அந்த மறதி இல்லை, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நான் போனபோது எடுத்தது ஒரே படம்தான், பாசி பிடித்த கல்லிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன செவ்வரளிப் பூ. அதைப் பார்த்தால் மலைக்காற்று, ஜீப்பின் டீசல் வாடை, பக்கத்தில் மலையாளத்தில் வேண்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் குரல் எல்லாமே வந்துவிடுகிறது. அடுத்த தடவை முதல் அரைமணி நேரம் போனைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், அப்புறம் எதை எடுப்பது என்று உங்களுக்கே தெரியும்.