ட்விட்டரில் 280 எழுத்து என்றால் தமிழிலும் 280 எழுத்து எழுதலாமா?

முடியாது. இப்படி நம்பித்தான் பலர் பாதி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். ட்விட்டர் (இப்போது எக்ஸ்) எண்ணுவது நாம் பள்ளியில் படித்த எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை, அதாவது கணினி எழுத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளும் துண்டுகளை. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. அதன் கணக்கில் ஐந்து: த, ம, கொக்கி, ழ, புள்ளி. அகரமேறிய மெய்க்கு ஒன்று. அதன்மேல் புள்ளியோ காலோ கொம்போ ஏறினால் இன்னொன்று. 'கற்றுக்கொண்டேன்' என்று எழுதிப் பாருங்கள், எட்டெழுத்துக்கு 15 போய்விடும். 'ஸ்ரீ' ஒன்றே நாலை விழுங்கும்! 'கொ' மட்டும் கொஞ்சம் கருணை காட்டுகிறது: முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு பக்கமும் இருந்தாலும் அவை சேர்ந்து ஒரே குறிதான்.

சீனம், ஜப்பானியம், கொரியம் எழுதுபவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகக் கணக்காகும். அதாவது அவர்களுக்கு இன்னும் பழைய 140தான். 2017 நவம்பரில் வரம்பு இரட்டிப்பானபோதும் அவர்களுக்கு மாறவில்லை. அந்த 140கூட எஸ்எம்எஸ்ஸின் 160 எழுத்து வரம்பில் பயனர் பெயருக்கு 20 ஒதுக்கியதால் வந்ததுதான்.

அப்புறம், இணைப்பைச் சுருக்கிப் போட்டால் இடம் மிச்சமாகும் என்பதும் தப்பு. எவ்வளவு நீளமான முகவரியானாலும் 23தான். காசு கட்டிய கணக்கென்றால் இந்தக் கவலையே வேண்டாம், நீளமாகவே எழுதலாம். நான் கட்டவில்லை, 'மிகவும்' போன்ற சொற்களை வெட்டிவிடுகிறேன்.