'நாட் ரூல்டு அவுட்' என்றால் இல்லையா, இருக்கலாமா?

கேள்வி: 'போலீஸ் ஹேவ் நாட் ரூல்டு அவுட் மர்டர்' என்று ஒரு செய்தி. கொலை இல்லை என்று போலீஸே சொல்லிவிட்டது என்கிறேன் நான். நண்பர் மறுக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான். 'ரூல் அவுட்' என்றால் 'அதற்கு வாய்ப்பே இல்லை' என்று ஒதுக்கிவிடுவது. முன்னால் 'நாட்' வந்துவிட்டதால் இன்னும் ஒதுக்கவில்லை என்று பொருள். 'கொலையாக இருக்கும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை' என்று பத்திரிகைகள் எழுதுமே, அதேதான். அதற்காக 'கொலைதான்' என்று உறுதிசெய்ததாகவும் படித்துவிடாதீர்கள்.

இதே சொல் மருத்துவச் சீட்டிலும் ஆளைக் குழப்பும். பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டில் 'ஆர்/ஓ டிபி' ('ஆர்/ஓ' என்பது 'ரூல் அவுட்' என்பதன் சுருக்கம்) என்று இருந்தால், காசநோய் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. 'இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பட்டியலிலிருந்து நீக்குங்கள்' என்கிறார் டாக்டர். சோதனை முடிந்து 'டிபி ரூல்டு அவுட்' என்று வந்தால்தான் இல்லை.

கேள்வி: 'ரூல் அவுட் இட்' என்று எழுதியதைத் திருத்திவிட்டார்கள். ஏன்?

பதில்: இட், தெம், ஹிம் போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில்தான் உட்காரும்: 'வீ கான்ட் ரூல் இட் அவுட்'. பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். நீளமாக இருந்தால் கடைசியில் வைப்பதே காதுக்கு நல்லது. வினையைச் சேர்க்கும்போது 'டு' போடக்கூடாது, 'இங்' வேண்டும்: 'ஷீ ரூல்டு அவுட் ரிசைனிங்'. பலர் தவறுவது இங்கேதான்.

ஆளைச் சொல்லும்போது அமைப்பு கொஞ்சம் மாறும். காயத்தால் ஆடமுடியாத வீரரை 'ரூல்டு அவுட் ஆஃப் தி மேட்ச்' என்பார்கள். அந்த 'ஆஃப்' விடுபடக் கூடாது.

கேள்வி: லீவ் அவுட், கவுன்ட் அவுட் இரண்டும் இதே பொருள்தானா?

பதில்: இல்லை. 'லீவ் அவுட்' சேர்க்காமல் விடுவது. மறந்து விட்டாலும் அதுதான், வேண்டுமென்றே விட்டாலும் அதுதான். 'கவுன்ட் மீ அவுட்' என்றால் 'என்னைச் சேர்க்காதீங்க, நான் வரல'. 'டோன்ட் கவுன்ட் ஹெர் அவுட்' என்றாலோ 'அவர் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதே'. பத்துச் சந்தேகங்களை இரண்டாகக் குறைக்க 'நேரோ டவுன்' இருக்கிறது: ஒவ்வொன்றாக 'ரூல் அவுட்' செய்துகொண்டே போனால் மிச்சம் 'நேரோ டவுன்' ஆகிவிடும். 'ஓவர்ரூல்' மட்டும் இந்தக் குடும்பமே இல்லை. ஒருவர் எடுத்த முடிவை மேலிடத்தில் இருப்பவர் தள்ளுபடி செய்வது அது.