தாடை வலி: "டென்ஷன்" என்றால் பொய் வலியா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் 34 வயது சகோதரிக்கு,

தாடை வலி, காது குடைச்சல், வாய் திறந்தால் 'டக்' சத்தம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கடைசி வரிதான்: "டென்ஷன்தான் காரணம் என்கிறார் பல் டாக்டர். அப்படியென்றால் என் வலி பொய்யா?"

பொய்யே இல்லை. கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். உருண்டு எழும் அந்தத் தசைதான் வலிக்கிறது. மனதில் பதற்றம் ஏறும்போது அது நம்மைக் கேட்காமலே இறுகும். சாப்பிடாத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருப்பதுதான் இயல்பு. நாளை ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைக்கும்போது, ஊசி வளைவில் திரும்பும் நொடியில் உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்கும்போதும் கவனியுங்கள்.

வலி வந்த பிறகுதானே கவலை வந்தது என்று கேட்கலாம். அமெரிக்காவில் தாடை வலி இல்லாத 2,700க்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்பே மனஅழுத்தம் அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னால் தாடை வலி வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. அது மட்டுமே காரணமல்ல. ஆனால் கடனும் டார்கெட்டும், மூன்று மணி நேரத் தூக்கமும் உங்கள் தாடையில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

வலியில்லாத 'டக்' சத்தம் பலருக்கும் உண்டு, விட்டுவிடுங்கள். காதில் கோளாறில்லை என்று காது டாக்டரே சொன்ன பிறகு ஏன் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறீர்கள்? தாடை மூட்டு காதை ஒட்டி இருப்பதால் வலி அங்கே தெரிகிறது, அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி ஆறு வாரமாக விழுங்கும் வலி மாத்திரைதான் எனக்குக் கவலை. வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்றே நிறுத்துங்கள். யூடியூபைப் பார்த்துவிட்டு நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வாய் எவ்வளவு திறக்கிறது? ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். நுழைந்தால் நிம்மதி. இரண்டுதான் நுழைகிறது, அல்லது வாரத்துக்கு வாரம் குறைகிறது என்றால் காத்திருக்காமல் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் இருக்கும் தட்டு நழுவியிருக்கலாம். பாக்கு போடும் பழக்கம் இருந்தால் வாயின் உட்சதை நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். அது புற்றுநோய் வரை போகக்கூடியது. பாக்கைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மற்றபடி, ஒவ்வொரு ஜோடி தைத்து முடித்ததும் 'ன்' சொல்வதுபோல் நாக்கு நுனியை மேலே வைத்துப் பற்களைப் பிரித்து விடுங்கள். இரவில் வெந்நீரில் பிழிந்த துணியால் கால் மணி நேரம் ஒத்தடம் கொடுங்கள். முறுக்கு, சீடை கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நான்கு வாரம் கழித்து எத்தனை விரல் நுழைகிறது என்று எழுதுங்கள்.