ஜவ்வு விலகினால் ஆபரேஷன்தானா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. தக்காளி மண்டியில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறார். மூன்று வாரமாக இடுப்பிலிருந்து இடது கால்வரை வலி இறங்குகிறது. இடுப்புப் பக்க முதுகெலும்பில் எல்-4, எல்-5 என்ற எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு விலகியிருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. யாருக்கும் வராத நோய் இவருக்கு ஏன் வந்தது? ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா? சுளுக்கு எடுக்கிறவரிடம் போகலாம் என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, யாருக்கும் வராத நோய் அல்ல இது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதினரிலேயே நூற்றுக்கு 30 பேருக்கும், ஐம்பது வயதினரில் 60 பேருக்கும் ஜவ்வு புடைத்திருந்தது. எனவே அறிக்கையில் உள்ள வரியைவிட, காலில் இறங்கும் அந்த வலியைத்தான் மருத்துவர் கவனிப்பார். தொல்லை தரும் ஜவ்வு விலகல் அதிகம் வருவது 30 முதல் 50 வயதுக்குள். அதுவும் பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளில்.

ஜவ்வின் வெளியே நார் வளையம், உள்ளே கூழ். நார் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பைத் தொட்டால் கால் சுண்டி இழுக்கும். பெட்டி ஏற்றுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்: முழங்காலை மடக்காமல் குனிகிறார்கள், தூக்குகிறார்கள், பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி லாரியில் நிற்பவரிடம் கொடுக்கிறார்கள். குனிவதும் முறுக்குவதும் சுமையோடு சேரும் அந்த நொடிதான் நாருக்கு எமன். புகைபிடித்தல், உடல் பருமன், லாரி ஓட்டுநர்களைப்போல் அதிர்வில் நெடுநேரம் உட்கார்வது ஆகியவையும் காரணங்கள். பரம்பரைக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரே சுமையைத் தூக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் வருவது அதனாலும்தான். அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை.

ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி தணிந்துவிடுகிறது. பிதுங்கிய கூழை உடலே மெல்லக் கரைத்துக்கொள்வதும் உண்டு. நாள் முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டாம், வலி பொறுக்கிற அளவுக்கு நடக்கட்டும். மருத்துவர் தரும் மாத்திரையோடு, இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி கற்றுக்கொள்ளட்டும். இப்போதைக்குச் சுமை வேண்டாம். முதுகை மிதிப்பது, இழுத்து முறிப்பது எதையும் அனுமதிக்காதீர்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மண்டிக்குத் திரும்பும்போது, பெட்டிகளை இடுப்புயர மேடையில் அடுக்கிவைக்கக் கேளுங்கள். பெட்டியை வயிற்றோடு அணைத்து, பாதத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ, நள்ளிரவானாலும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.