பள்ளி நூலகர் வகுப்புக்கு உதவும் இணையக் கருவிகளை எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?

புதிதாகப் பள்ளி நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள், ஆளாளுக்கு ஒரு கருவியின் பெயரைச் சொல்கிறார்கள், எதைத் தொடுவது என்று புரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு வருடமாக நூலகராக இருக்கிறேன். எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, பிள்ளைகள் கையில் போன் இல்லாமல் இது நடக்குமா என்பதுதான். எங்கள் பள்ளியில் போன் கொண்டுவரக் கூடாது. பல வீடுகளில் இருப்பதே ஒரு போன். அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இந்தக் கேள்வியிலேயே முக்கால்வாசிக் கருவிகள் கழிந்துவிடும். மீதியில் நான் மனதாரச் சொல்வது தமிழ் விக்கிமூலம். விக்கிப்பீடியாவைப் போல யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய நூலகம் அது.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும் காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களும் அங்கே ஏராளமாக இருக்கின்றன. படிப்பதற்கு மட்டுமென்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கத்தைத் திருத்தத் திறந்தால் பழைய அச்சுப் பக்கத்தின் படம் ஒரு புறம், கணினி அதைப் படித்து எழுதிய எழுத்து மறுபுறம். கணினி தப்பும் தவறுமாகத்தான் படித்திருக்கும். திருத்தாத பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். வேறொருவர் வந்து சரிபார்த்தால்தான் பச்சை.

ஒன்பதாம் வகுப்பு லைப்ரரி பீரியடில் ஒரு பக்கத்தை புரொஜெக்டரில் போட்டேன். விக்கிமூலக் கணக்கு என்னுடையது, தட்டச்சு செய்வதும் நான்தான். தவறைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. 'காலம்' என்ற சொல் 'கரலம்' என்று வந்திருந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கடைசி பெஞ்சிலிருந்து, "மிஸ், அது ர இல்ல, துணைக்கால். படத்துல பாருங்க, கீழ இழுப்பு இல்ல" என்றாள். அதற்குப் பிறகு யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ல, ள, ழ மூன்றையும் ஒவ்வொரு சொல்லிலும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடுத்த வரியில் பழைய 'லை' வந்தது. "என்ன மிஸ், தும்பிக்கை மாதிரி இருக்கு?" என்றார்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததையும், அதற்கு முன் லை, ளை, ணை, னை எல்லாம் அப்படித்தான் இருந்தன என்பதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மறுநாள் ஒரு பையன் தன் தாத்தாவின் கணக்கு நோட்டை எடுத்து வந்தான். 'விலை' என்று எழுதிய இடத்திலெல்லாம் அதே தும்பிக்கை!

முக்கால் மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம்தான் முடிந்தது. குறைவுதான், ஆனால் எத்தனையோ முறை சொல்வதெழுதச் சொல்லியும் வராத கவனத்தை அன்று நான் கண்ணால் பார்த்தேன். முடித்த பக்கத்தைத் தமிழ் ஐயா தன் கணக்கிலிருந்து சரிபார்த்துப் பச்சையாக்கினார். இப்போது அவரே வாரம் ஒரு பீரியட் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இதில் எந்தப் பிள்ளையின் பெயரும் மின்னஞ்சலும் வெளியே போவதில்லை என்பதையும் கவனியுங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளைகளைத் தனித்தனியாகக் கணக்குத் திறக்கச் சொல்லும் கருவி எதுவானாலும் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசாமல் தொடாதீர்கள்.

அடுத்தது பிளிக்கர்ஸ். பிள்ளைகள் அட்டையைத் தூக்கிக் காட்ட, ஆசிரியர் போனில் விடைகளைப் படித்துக்கொள்ளும் வினாடி வினாச் செயலி அது. ஆளுக்கு ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் வேறு வேறு கறுப்பு வடிவம். நான்கு ஓரத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த எழுத்து மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. நீங்கள் ஒரே ஒரு போனின் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவன் விடையைப் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். கூச்சப்படும் பிள்ளையும் தைரியமாகத் தூக்கும். அட்டைகளை கெட்டித் தாளில் அச்சிடுங்கள். பளபளப்பாக லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாமல் போகும். பெயர் கேட்கும் இடத்தில் நான் வரிசை எண்ணை மட்டும் போடுகிறேன்.

பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் இலவசச் சிறுவர் கதைத் தளமான ஸ்டோரிவீவர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கதைகள் நான்கு வாசிப்புப் படிகளில் பிரித்திருக்கும், தமிழிலும் நிறைய உண்டு. எழுதியவர், வரைந்தவர் பெயரோடு தாராளமாக அச்சிடலாம். ஒரு விஷயம் மட்டும். ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் முதல் படிக் கதையை நீட்டினால் அவமானமாக நினைக்கும். "உன் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டு" என்று சொல்லிக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தபோது ஒரு பையன் நாலு நாளில் திரும்பி வந்து இன்னொன்று கேட்டான்.

எழுதியதை அறிவிப்புப் பலகைபோல் ஒட்டிவைக்கும் இலவச இணையத் தளம் ஒன்றில் பிள்ளைகளின் நூல் அறிமுகங்களை இரண்டு வருடம் சேர்த்து வைத்திருந்தேன். திடீரென்று விதியை மாற்றினார்கள், பாதி போய்விட்டது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நான் எழுதினது எங்க மிஸ்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. பெரிய நிறுவனத்துடையது என்றாலும் நம்ப முடியாது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டே 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது மாதக் கடைசியில் எல்லாவற்றையும் இறக்கி, அச்சிட்டு, பைண்ட் செய்து அலமாரியில் வைக்கிறேன். பிள்ளைகள் அந்தத் தொகுப்பைத்தான் அதிகம் எடுத்துப் புரட்டுகிறார்கள்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், விக்கிமூலத்தில் உரைநடைப் பக்கமாக ஒன்று தேர்ந்தெடுங்கள். செய்யுளும் அட்டவணையும் இப்போது வேண்டாம். உங்களுக்கு ஒரு கணக்கு, தமிழாசிரியருக்கு ஒரு கணக்கு. அந்தப் பக்கத்தை முதல் நாள் மாலை நீங்களே முழுக்கத் திருத்திப் பாருங்கள், ஆனால் சேமிக்காதீர்கள். தவறுகள் பிள்ளைகளுக்கு அப்படியே இருக்கட்டும்.