சபை தேய்கிறதா? 75,000 ரூபாவை எடுக்குமுன் பதிவேட்டை எடுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சிறிய சபையின் செயலாளராக இருக்கிறேன். 2010இல் மீள்குடியேறி, தறப்பாள் கொட்டிலில் ஆராதனை தொடங்கியபோது எழுபது பேருக்கு மேல் வந்தார்கள். இன்று கல்லால் கட்டிய ஆலயம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, ஆனால் ஞாயிறில் முப்பத்தைந்து பேர்தான். வாலிபப் பிள்ளைகள் சிலர் பக்கத்தில் தொடங்கிய புதிய சபைக்குப் போகிறார்கள். போதகர் நல்லவர், ஆனால் நான்கு சபைகளைப் பார்க்கிறார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், 75,000 ரூபா கொடுத்தால் 'சபை ஆரோக்கிய மதிப்பீடு' செய்து தருவதாகவும், அந்த அறிக்கையை வைத்து ஒரு வெளிநாட்டுச் சபையுடன் எங்களை இணைத்துவிடுவதாகவும் சொல்கிறார். ஆலயம் நிற்பது காலஞ்சென்ற மூப்பர் ஒருவர் கொடுத்த காணியில். எங்கள் சபை செத்துக்கொண்டிருக்கிறதா, ஐயா? மதிப்பீட்டைச் செய்யலாமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம்.

இப்படி மதிப்பீடு செய்ய வருபவர்கள் கொண்டுவருவது எங்கோ ஒரு நாட்டில் தயாரான வினாத்தாள். முப்பது பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளியிடச் சொல்வார்கள். 'உங்கள் போதகர் உங்களை ஊக்கப்படுத்துகிறாரா?' என்று கேட்கும்போது போதகர் முன்வரிசையில் இருப்பார். எங்கள் சனம் ஐந்துதான் போடும், வேறென்ன போடும்? பிறகு வண்ணக் கட்டங்களோடு ஓர் அறிக்கை வரும். அதுவும் உண்மையான சரக்கு அல்ல. பதாகையைக் கட்டி, சிறுபிள்ளைகளை முன்னால் இருத்தி ஒரு படம் எடுப்பார்களே, அதுதான் சரக்கு. அந்தப் படம் எந்த நாட்டுக்குப் போனது, அதைக் காட்டி உங்கள் சபையின் பெயரில் எவ்வளவு வாங்கப்பட்டது, அதில் எவ்வளவு வழியில் நின்றுவிட்டது என்பதெல்லாம் உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. இணைத்துவிடுகிறேன் என்று சொல்பவர் அந்தச் சபையின் முகவரியை உங்களிடம் கொடுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கொடுக்கமாட்டார்.

இனி, சபை செத்துக்கொண்டிருக்கிறதா என்பது. எழுபதை முப்பத்தைந்தோடு ஒப்பிடுவது, இரணைமடு வான்பாய்ந்த நாளில் அளந்துவிட்டு ஆவணியில் குளம் வற்றிவிட்டது என்று அழுவதைப் போன்றது. 2010இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வந்த சனத்துக்குக் கூரை என்று ஒன்று தெரிந்த இடமெல்லாம் கூடும் இடம். தகரமும் அரிசியும் சைக்கிளும் ஆலயங்கள் ஊடாகவும் வந்தன. சைவக் குடும்பங்களும் வந்து உட்கார்ந்தன. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எழுபது உங்கள் சபையின் அளவு அல்ல. வீடுகள் எழும்பி, நிவாரணம் நின்றபின் வந்த ஆண்டுகளில் ஒன்றை, 2015 என்று வைத்துக்கொள்வோம், அடிக்கணக்காக எடுங்கள்.

அந்த ஆண்டின் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 60, 70, 60, 65 என்று எல்லாம் சுற்றெண்களாக இருக்கின்றனவா? மூன்று மாதத்துக்கு ஒரே பேனை, ஒரே சாய்வு, ஓரிடத்திலும் வெட்டித் திருத்தல் இல்லையா? அப்படியென்றால் அது தலைமை அலுவலகத்துக்கு ஆண்டறிக்கை அனுப்புவதற்கு முதல்நாள் இரவில் எழுதிய பதிவேடு. அதை மூடிவைத்துவிட்டு ஞானஸ்நானப் பதிவையும் காணிக்கைப் புத்தகத்தையும் எடுங்கள். அவற்றில் பெயர்கள் இருக்கும்; கற்பனை குறைவாக இருக்கும். மேலிடத்தையும் சொல்ல வேண்டும். எத்தனை தலை, எத்தனை ஞானஸ்நானம், கட்டவேண்டிய பங்குப்பணம் எவ்வளவு என்பதற்கு மேல் ஒரு கேள்வி அந்த ஆண்டறிக்கைப் படிவத்தில் இல்லை. ஒரே போதகரின் கையில் நான்கு சபைகளைக் கொடுத்துவிட்டு, அவர் வீடுகளை அறிந்துகொள்ளத் தொடங்கும் வேளையில் இடமாற்றக் கடிதமும் அனுப்பிவிட்டு, 'வளர்ச்சி ஏன் இல்லை?' என்று கேட்பவர்களுக்கு இந்தப் படிவம் போதுமாக இருக்கிறது போலும்.

நீங்கள் தலைகளை எண்ண வேண்டாம். பெயர்களை எழுதுங்கள். முன்பு வந்து இப்போது வராதவர் ஒவ்வொருவருக்கும் நேரே காரணத்தை எழுதுங்கள். வெளிநாடு, பல்கலைக்கழகம், ஆடைத் தொழிற்சாலை, வேறு மாவட்டத்தில் திருமணம், மரணம், மனஸ்தாபம், வேறு சபை. இவற்றில் முதல் ஐந்தும் சபையின் நோய் அல்ல. கடைசி இரண்டும்கூட அவ்வளவு பயப்பட வேண்டியவை அல்ல. காரணமே எழுத முடியாத பெயர்கள் எத்தனை என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. ஒரு குடும்பம் ஆறு மாதம் வராமலிருந்து, ஏன் என்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லையென்றால், முந்நூறு பேர் வந்தாலும் அந்தச் சபைக்குச் சுகமில்லை.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்; நல்ல சபைகள் இதில் வீணாகக் கலங்குகின்றன. பரவிப்பாஞ்சானிலும் கேப்பாப்பிலவிலும் இராணுவத்திடமிருந்த காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, இடைக்காலத்தில் வேறிடங்களில் இருந்த குடும்பங்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பின. அவர்கள் தற்காலிகமாக வந்துகொண்டிருந்த சபைகளில் வாங்குகள் ஒரேயடியாக வெறுமையாகின. இது இழப்பா? போன குடும்பங்கள் அங்கே எவர் வீட்டிலாவது கூடி ஜெபிக்கின்றனவா என்று கேளுங்கள். ஆம் என்றால் உங்கள் சபை தேயவில்லை, இரண்டாகியிருக்கிறது. அவர்களை உங்கள் கணக்கிலிருந்து வெட்டாமல் தனிப்பக்கத்தில் எழுதுங்கள். எங்கும் கூடுவதில்லை, ஆனால் திருவிருந்து ஞாயிறில் பஸ் ஏறி உங்களிடம் வருகிறார்கள் என்றால், அவர்களிடம் நீங்கள் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். இரண்டும் இல்லையென்றால் அப்போதுதான் இழப்பு. இந்த மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிட்டு 'சபை பாதியாகிவிட்டது' என்று சொல்லக்கூடாது.

பெண்கள் பக்கத்தையும் பாருங்கள். நுண்கடன் குழுக்களில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அந்த மற்றவர்கள் பெரும்பாலும் அயலவர். ஆலயத்தில் ஒரே பாயில் இருப்பவர்கள். தவணை தவறியவர் அவர்களின் முகத்தில் எப்படி விழிப்பார்? அவர் வராததை 'விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார்' என்று சில சபைகளின் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும்.

புதிய சபைக்குப் போன வாலிபர்களைப் பற்றி: அங்கே கீபோர்ட் இருக்கிறது, அதனால் போகிறார்கள் என்று மூப்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். பதினாறு வயதில் அந்தப் பிள்ளைக்கு உங்கள் சபை என்ன வேலை கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

பணத்தில் ஒரே ஒரு பிரிப்புப் போதும். உள்ளூரார் கையிலிருந்து வந்ததை ஒரு நிரலிலும், கனடா, லண்டன், கொழும்பு என்று வெளியிலிருந்து வந்ததை மற்ற நிரலிலும் எழுதுங்கள். மின்கட்டணமும் போதகருக்குரிய பங்கும் முதல் நிரலிலிருந்து போகின்றனவா? அறுப்பின் பண்டிகைக்கு வந்த நெல்மூட்டைகள் பல வீடுகளிலிருந்து வந்தவையா, இரண்டு வீடுகளிலிருந்தா? வெளிநாட்டு உறவினர் ஒருவர் மட்டும் தாங்கும் சபையில், அவர் தொலைபேசியில் சொல்வதுதான் தீர்மானம்; கூட்டக் குறிப்பேடு சும்மா. கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கும் சபையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. காலஞ்சென்ற மூப்பரின் காணி. வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தனியாட்களுக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். அரசின் முன்அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. 'சபைக்குக் கொடுத்துவிட்டேன்' என்று அவர் எழுதிய கடிதத்தை நொத்தாரிசு முன் கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது. அவர் இறந்தபின் உரிமை வாழ்க்கைத்துணைக்கோ, அடுத்த உரித்தாளராக அவர் பெயர் குறித்த பின்னுரித்தாளிக்கோ போகும். அந்தப் பின்னுரித்தாளிக்கு நாளை பணமுடை வந்தால், அல்லது புதிய சபையின் பாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டால், உங்கள் ஆராதனைக்கு மரநிழல்தான். அனுமதிப்பத்திரம் அல்லாமல், சொந்த உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணியென்றால் கதை வேறு. 'பிரதேச செயலகத்தில் ஆள் இருக்கிறது, செய்து தருகிறேன்' என்று ஒருவர் வருவார். அவரையும் அந்தக் கொழும்புக்காரரோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். மதத் தேவைக்கு அரச காணி கேட்க அரச காணிக் கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கோப்பு நகர வருடங்கள் ஆகும், கேட்டால் 'மேலே போயிருக்கிறது' என்பார்கள். ஆனாலும் விண்ணப்பம் உங்கள் கையெழுத்தோடு, பற்றுச்சீட்டோடு போகட்டும்.

காலபோக அறுவடை முடியும்வரை பெயர் எழுதும் வேலையைத் தொடங்காதீர்கள். மாசி, பங்குனியில் வயலில் நிற்கும் ஆண்களை நீங்கள் 'வராதவர்' என்று எழுதிவிடுவீர்கள். காணி வேலைக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். மூப்பரின் மனைவி உயிரோடு இருந்தால் இந்த வாரமே அவரிடம் போய், அனுமதிப்பத்திரத்தின் பிரதியொன்றை வாங்கிக்கொண்டு, அதில் பின்னுரித்தாளியாக யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.