மனைவி, பிள்ளைகளோடு வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக விசுவாசம் மட்டும் போதுமா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெங்களூருவில் நல்ல வேலை, மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்ய ஆண்டவர் அழைக்கிறார் என்று ஒரு வருடமாக மனதில் ஓடுகிறது, குடும்பத்தோடு போனவர்கள் யாராவது அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் 2018 ஜனவரியிலிருந்து 2021 மார்ச் வரை தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தோம். நாங்கள் பட்ட கஷ்டங்களில் பாதி அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இருந்தது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் அழைப்பு வந்தது என் மனைவிக்கு. அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். 2016 பிப்ரவரியில் ஒரு நாள் பிள்ளைகள் தூங்கின பிறகு, "என்னங்க, மலாவியில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ் இல்லாம வார்டையே மூடப் பாக்குறாங்களாம்" என்று ஆரம்பித்தாள். நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியாது என்றேன். அப்பா அம்மா, மகளின் பள்ளிக்கூடம், என் சம்பளம் என்று காரணங்களை அடுக்கினேன். அவள் சண்டை போடவில்லை. "நீங்க வராம நான் போகமாட்டேன், ஆனா ஜெபம் பண்றத நிறுத்தமாட்டேன்" என்றாள். 14 மாதம் அப்படியே போனது. வீட்டில் பேச்சு குறைந்துபோன மாதங்களும் அதில் உண்டு.

வில்லியம் கேரியைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். 1793 இல் வங்காளத்துக்கு வந்தார், செராம்பூரில் அச்சகம் வைத்தார், வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்று. அவர் மனைவி டாரதியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டாரதிக்கு வர மனமில்லை, வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். கப்பல் தாமதமானதால் கடைசி நேரத்தில், பிறந்து சில வாரமே ஆன கைக்குழந்தையோடு, தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று ஏறினார். அடுத்த வருடம் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். டாரதியின் மனநிலை குலைந்தது, 1807 இல் சாகும் வரை திரும்பவில்லை. இதை அந்த 14 மாதத்தில்தான் நான் படித்தேன், படித்ததும் கோபம் வந்தது. வர விரும்பாத ஆளை இழுத்துக்கொண்டு போவதா ஊழியம் என்று மனைவியிடம் கத்தினேன். "அதனாலதாங்க நான் ஒங்கள இழுக்கல" என்றாள்.

அவள் இழுக்காமல் இருந்ததால்தான் என்னால் யோசிக்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். 2017 ஏப்ரலில் அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து ஒரு மெயில் வந்தது, அவளுக்கு வந்தது, எனக்கும் காட்டினாள். கருவிகளில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கெட்டு மூன்று மாதம் ஆகிறது, ஹீட்டர் மாற்ற ஆள் இல்லை, ஆபரேஷன் கருவிகளைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறோம் என்று எழுதியிருந்தார். ஹீட்டர் மாற்றுவது எனக்கு அரை நாள் வேலை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வசனம் எதுவும் கேட்கவில்லை, தரிசனம் காணவில்லை, அந்தக் கொதிக்கிற பாத்திரம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. விடிந்ததும் சரி என்றேன். உங்களுக்கு இது அழைப்பு மாதிரித் தெரியாமல் இருக்கலாம், எனக்கு வந்தது இதுதான்.

அப்புறம் காகித வேலை. என் மனைவியின் நர்சிங் சான்றிதழ்களைக் கர்நாடகத்தில் சரிபார்த்து வாங்கி, மலாவி நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து, எல்லாம் முடிய ஏழெட்டு மாதம். அடிஸ் அபாபா வழியாகப் போனதால் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டோம். ஊசி போட்ட பத்து நாளைக்குப் பிறகுதான் அந்தச் சான்று செல்லும் என்பதைக் கவனியுங்கள், டிக்கெட் எடுத்துவிட்டு ஊசிக்கு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் பற்றிச் சபைகளில் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். இந்தியாவிலிருந்து ஒரு குடும்பத்தை வெளிநாட்டுக்கு அனுப்பித் தாங்குவது, இங்கேயே வடக்கே அனுப்புவதைவிடச் சிக்கல். இங்குள்ள தர்ம டிரஸ்ட் தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால், தனி அனுமதி இல்லாமல் அதற்கு வருமானவரி விலக்கு கிடைக்காது. தனி நபர் என்றால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் வழியில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், டிரஸ்டுக்கு அந்த வழி கிடையாது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் வேலை அனுமதி வாங்கி, பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்த மாதிரி, ஒரு தொழிலோடு போகிறோம். ஆஸ்பத்திரி ஒரு வீடும் கொஞ்சம் பணமும் தந்தது. லிங்கராஜபுரம் பக்கம் எங்கள் சின்னத் தமிழ் சபையில் 31 குடும்பம் மாதம் 500 ரூபாய் பொருத்தனை செய்தார்கள். அதை இங்கேயே எங்கள் கணக்கில் வைத்து, இன்சூரன்சுக்கும் மாமியாரின் மாத்திரைக்கும் எடுத்தோம். வெளிநாட்டில் குடியேறினதும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும், இதை எங்களுக்கு ஆறு மாதம் கழித்து ஒருவர் சொன்னார். லீசுக்கு இருந்த வீட்டின் ஐந்து லட்சத்தைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, வீட்டுக்காரர் புது ஆள் வரட்டும் என்று நான்கு மாதம் இழுத்தார். நீங்களும் லீசில் இருந்தால் இப்போதே பேச ஆரம்பியுங்கள்.

நாங்கள் போய் இறங்கியது மழைக்காலம். மலாவியில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பசி மாதங்கள், போன வருட மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதியது ஏப்ரலில்தான் வரும். மலேரியாவும் அதே மாதங்களில்தான் அதிகம். அதோடு, அந்த நாட்டு மின்சாரம் பெரும்பாலும் மலாவி ஏரியிலிருந்து ஓடும் சிரே ஆற்றிலிருந்து வருவது, 2017 கடைசியில் ஏரியில் நீர்மட்டம் இறங்கி நாடு முழுக்கப் பல மணி நேரம் கரண்ட் இல்லை. போன முதல் மாதம் நான் ஜெனரேட்டருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவிலேயே கிடந்தேன். ஆண்டவர் என்னை எதற்கு அங்கே கொண்டுவந்தார் என்ற கேள்வி அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை.

சாப்பாடு கஷ்டமாக இருக்கும் என்று பயந்தோம், அதில் ஒன்றும் இல்லை. அங்கே தினமும் சாப்பிடும் ன்சீமா மக்காச்சோள மாவில் கிண்டுகிற களி. உசிபா என்று ஏரியில் பிடித்துக் காயவைக்கிற சின்ன மீன், நெத்திலிக் கருவாட்டுக்கு அண்ணன் தம்பி. நாங்கள் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்து ஆட்கள், அதில் குழம்பு வைத்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். மொழியும் அப்படித்தான் கைகொடுத்தது. அங்கே பேசும் சிச்சேவா மொழியில் மாட்டுக்கு "ஙோம்பெ". வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள் அந்த முதல் எழுத்துக்கு வாரக்கணக்கில் திணறினார்கள், என் நான்கு வயது மகன் முதல் நாளே சொன்னான். அகர வரிசையில் ஙகரத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று சின்ன வயதில் கேட்டது நினைவுக்கு வந்தது. இன்னொன்று, அங்கே "முலி ப்வாஞ்சி", எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காமல் எந்தப் பேச்சும் தொடங்காது. ஓடிவந்து கரண்ட் போய்விட்டது என்று சொல்ல வந்தவர்கூட முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். பெங்களூரு அவசரத்தில் இருந்த எனக்கு அதைப் பழக ஒரு வருடம் ஆனது.

விசுவாசம் பற்றிக் கேட்டீர்கள். 2019 பிப்ரவரியில் மகனுக்கு மலேரியா. வலைக்குள்தான் தூங்கினான், இருந்தும் வந்தது. இரண்டாம் நாள் வலிப்பு வந்ததும் வார்டில் சேர்த்தோம். என் மனைவி வேலை பார்க்கும் அதே வார்டு, பக்கத்துக் கட்டிலில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. மூன்றாம் நாள் விடியற்காலையில் மகனுக்குக் காய்ச்சல் இறங்கியது. அதே விடியற்காலையில் அந்தக் குழந்தை போய்விட்டது. அந்தத் தாய் குழந்தையைச் சிட்டெஞ்சே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது எங்கள் கட்டிலருகே நின்றாள். "ம்வானா அலி ப்வாஞ்சி?" என்று கேட்டாள். குழந்தை எப்படி இருக்கிறான் என்று. எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பெங்களூருவிலிருந்து போன் மேல் போன். கர்த்தர் உங்கள் மகனைக் காப்பாற்றினார், சபையில் சாட்சி சொல்லுங்கள் என்றார்கள். நான் சொல்லவில்லை, இன்றுவரை மேடையில் சொன்னதில்லை. என் மகன் பிழைத்ததற்கு நான் நன்றி சொல்லாத நாள் இல்லை, ஆனால் அந்தத் தாய் முன்னால் உட்கார்ந்திருந்தால் சொல்லமுடியாத சாட்சியை அவள் இல்லாத இடத்திலும் சொல்லக்கூடாது என்று எனக்குப் படுகிறது. இரண்டு மூன்று மாதம் என்னால் குடும்ப ஜெபம் நடத்த முடியவில்லை. மனைவி நடத்தினாள், நான் கூட உட்கார்ந்திருந்தேன். என் விசுவாசம் அந்த மாதங்களில் அவள் விசுவாசத்தின்மேல் சாய்ந்து நின்றது. அந்த ஏப்ரலில் மலேரியா தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போடும் முன்னோட்டத் திட்டம் உலகத்திலேயே முதலில் மலாவியில்தான் தொடங்கியது, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. செய்தி வந்த அன்று அவள் அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள்.

இனி, நான் இன்னும் சரிசெய்து முடிக்காத ஒன்று. 2019 ஆகஸ்டில் அப்பா கே.ஆர்.புரம் வீட்டில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், மூன்று வாரம் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தூக்கி உட்கார வைக்கவேண்டிய நிலை. டிக்கெட்டுக்குக் கையில் பணமில்லை, 2020 ஏப்ரலில் வருவதாகச் சொன்னேன், மார்ச்சிலேயே விமானங்கள் நின்றுவிட்டன. எல்லாவற்றையும் என் தம்பிதான் பார்த்தான். அவன் ஊபர் ஓட்டுகிறான், ஓட்டாத நாளுக்குக் காசு கிடையாது. ஒரு இரவு போனில் சொன்னான்: "அண்ணே, ஒனக்கு ஊழியம், எனக்கு ஆஸ்பத்திரி. ஞாயித்துக்கெழம ஒம் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுறாங்க. நான் அப்பாவுக்கு மூத்திரம் எடுத்துட்டு லேட்டா கோயிலுக்குப் போனா, ஏன் லேட்டுன்னு கேக்குறாங்க."

நான் என்ன பதில் சொல்வது? அவனுக்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை. நான் சரி என்று சொன்ன அந்தக் காலையில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தகவலாகத்தான் சொன்னேன். மனைவி என்னிடம் 14 மாதம் காத்திருந்தாள், நான் தம்பியிடம் 14 நிமிடம் காத்திருக்கவில்லை.

திரும்பி வந்ததும் லேசாக இல்லை. மகள் போகும்போது மூன்றாம் வகுப்பு, அங்கே வீட்டிலேயே படித்தாள், வந்து ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். கர்நாடகத்தில் 2015 ஆம் வருடச் சட்டப்படி எந்தப் பள்ளியிலும் கன்னடம் படித்தாகவேண்டும், அவளுக்கோ மூன்று வருடக் கன்னடம் போய்விட்டது. சிச்சேவாவில் சரளமாகப் பேசுகிற பிள்ளை கன்னடத்தில் பத்து மார்க் எடுத்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "இங்க யாரும் எப்படி இருக்கேன்னு கேக்கவே மாட்டேங்கிறாங்கப்பா" என்றாள். ஒரு வருடம் ஆனது அவள் சிரிக்க. போவதற்குத் தயார் செய்கிற சபைகள் திரும்பி வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்வதில்லை, இதை உங்கள் போதகரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

விசுவாசம் மட்டும் போதுமா என்றால், யாருடைய விசுவாசம் என்று திருப்பிக் கேட்பேன். மனைவியிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு அவசரப்படுத்தாமல் இருங்கள். அம்மா அப்பாவை யார் பார்ப்பது என்று கூடப்பிறந்தவர்களோடு உட்கார்ந்து, மாதம் எவ்வளவு தருவீர்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருவீர்கள் என்று எழுதி வையுங்கள். திரும்பப் போவீர்களா என்று கேட்டால், மனைவியும் நானும் போவோம், இன்றைக்கே. ஆனால் இப்போது அப்பா எங்கள் வீட்டில் இருக்கிறார், இது தம்பி ஓய்வெடுக்க வேண்டிய காலம்.

போன மாதம் எங்கள் சபையிலிருந்து ஒரு இளம் தம்பதி கம்போடியாவுக்குப் புறப்பட்டார்கள். அனுப்புதல் ஆராதனையில் அந்தப் பையனின் அக்காவையும் முன்னால் அழைத்து நிறுத்தும்படி போதகரிடம் கேட்டேன், அவர்தான் இனி அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர். மூன்று பேர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார்கள். என் தம்பி கடைசி பெஞ்சில் இருந்தான், அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தான்.